மீனுக்கும் ஊடை எண்ணியவனுக்கு

நாலு நாளைக்கு முன்னால் வெயில் நன்றாக அடித்தது. பழைய துணிகளைக் காயப்போடலாம் என்று அந்தத் தகரப் பெட்டியைத் திறந்தேன். மூடியைத் தூக்கியதுமே ஃபார்மலின் நெடி மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வரவைத்துவிட்டது. கோட்டுக்குள் சுருட்டி வைத்திருந்த ஊறுகாய் பாட்டிலின் மூடி தளர்ந்திருந்தது. உள்ளே நான்கு மீன்கள், விரல் நீளம்கூட இல்லாதவை, வெளுத்துப்போய்க் கிடந்தன. "அந்தச் சனியனை இன்னுமா வச்சிருக்கிய?" என்று என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து கத்தினாள். மருந்து நெடியில் கண் எரிகிறது என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றேன். எரிந்தது உண்மைதான். ஆனால் நெடி போன பிறகும் கண் நிற்கவில்லை.

உனக்குக் கடிதம் எழுதுவது எனக்குப் புதிதில்லை. ஜாம்பியாவில் வாத்தியாராக இருந்த காலத்தில் மாதம் ஒன்று தவறாமல் எழுதினேன். வெயிலையும் சோளக் கூழையும் பிள்ளைகளையும் பற்றி எழுதியதெல்லாம் நிஜம். ஒரே ஒரு கடிதத்தில் பொய் எழுதினேன். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத இந்த நேரத்தில், யாரும் படிக்கப் போகாத இந்தக் கடிதத்தில், அதை ஒப்புக்கொள்கிறேன். என் தைரியம் எப்போதுமே இந்த அளவுதான்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கீழே ஓர் ஆறு ஓடியது. மழை ஓய்ந்து தண்ணீர் வடிகிற மாதங்களில் அந்த ஊர்ப் பெண்கள் வரிசையாக ஆற்றில் நின்று கூடையால் அரித்து மீன் பிடிப்பார்கள். பெரிய மீனோடு இந்தப் பொடி மீனும் வரும். நம் குளத்துக் கெண்டைக் குஞ்சு மாதிரிதான். பக்கத்தில் ஒரு கறுப்புக் கோடு, வாயோரம் இரண்டு ஜோடி மீசை. அவர்கள் தள்ளிவிடுவதை நான் பொறுக்குவேன். "வாத்தியாருக்குச் சம்பளம் பத்தலை போல" என்று அவர்கள் பாஷையில் சிரித்தார்களாம். என் மாணவன் ஒருவன் சொன்னான். விலங்கியலில் பட்டம் வாங்கிவிட்டுக் கரும்பலகையில் தவளை வரைந்துகொண்டிருந்த எனக்கு, உலகத்தில் யாரும் பெயர் வைக்காத ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட வேண்டும் என்ற ஆசை பேயாகப் பிடித்திருந்தது.

வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றில் மீன்களுக்கென்றே இருந்த ஒருவருக்கு எழுதினேன். அதே நாட்டில் இதைப்போலவே ஏற்கனவே பெயர் பெற்ற மீன் ஒன்று இருக்கிறது, இது வேறு என்று சொல்ல வேண்டுமானால் எண்ணிக்காட்டு என்று பதில் போட்டார். அந்தப் பழைய மீனைப் பற்றி அச்சிட்ட பக்கத்தையும் கூடவே அனுப்பியிருந்தார். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் முடிந்து லீவில் ஊருக்குக் கிளம்பும்போது நாற்பது மீன்களைப் பாட்டிலில் அடைத்துக்கொண்டு வந்தேன்.

வந்தது ஆடி மாதம். ஆடித்தபசுக்குக் கொடி ஏறியிருந்தது. "கோமதி அம்மனுக்கு விரதம் இருக்க வீட்டுல, பாட்டில்ல அடைச்ச மீனையா கொண்டுட்டு வருவாவ?" என்று என் வீட்டுக்காரி நடையிலேயே மறித்துவிட்டாள். பாட்டிலோடு உன் தறிக் கூடத்துக்கு வந்தேன். உன் வீட்டிலும் விரதம்தான். நீ பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி உன் வீட்டுக்காரியிடம் சொன்னாய்: "இது திங்கிற மீனு இல்லட்டி, படிக்கிற மீனு. படிப்புக்கு ஏது தீட்டு?"

தபசுக்காக உன் நாலு விசைத்தறியும் நின்றிருந்தன. வழக்கமாகக் காதருகே வாய் வைத்துக் கத்த வேண்டிய அந்த இடத்தில் நாம் சாதாரணமாகப் பேசிக்கொண்டது எனக்கு விசித்திரமாக இருந்தது. என்னிடம் இருந்த லென்ஸ் கீறல் விழுந்தது. நீ துணியில் இழை எண்ணும் மடக்குக் கண்ணாடியை எடுத்து வந்தாய். தலை இடப்பக்கம் பார்க்கும்படி மீனைக் கிடத்தி, செவுளிலிருந்து வால் வரைக்கும் ஒரே வரிசையில் ஓடும் செதில்களை எண்ண வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். இரண்டு மீன் வரைக்கும்தான் நான் எண்ணினேன். அதற்குமேல் என் கண் ஒத்துழைக்கவில்லை. மீதி முப்பத்தெட்டையும் நீதான் ஊசி முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினாய். ஒன்று என்று சொல்ல மாட்டாய். "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் தொடங்குவாய். ஒவ்வொரு மீனையும் மூன்று தடவை எண்ணி, மூன்றும் ஒத்துப்போனால்தான் என்னை எழுதவிட்டாய்.

எண்ணி முடித்துப் பார்த்தால் எல்லாம் பழைய மீனுக்குச் சொல்லியிருந்த கணக்குக்குள்ளேயே அடங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "போச்சு. இது அதேதான்" என்று பாட்டிலை மூடப் போனேன்.

நீ என் கையைப் பிடித்தாய். "ஏலே, பாவு நூலை மட்டும் எண்ணிட்டு இது இன்ன துணின்னு எவனாவது சொல்லுவானா? நீளவாக்குல எண்ணியாச்சு. குறுக்க எண்ணலியே? ஊடை எங்க?"

மீனுக்கு ஏது ஊடை என்று நான் எரிந்து விழுந்தேன். நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாலுக்கு முன்னால் உடம்பு ஒடுங்குகிற இடத்தில் ஊசியை வைத்து, மீனை உருட்டியபடியே சுற்றிலும் எண்ணினாய். பத்து. அடுத்த மீன், பத்து. அடுத்ததும் பத்து. அச்சிட்ட பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். பழைய மீனுக்கு அதே இடத்தில் பன்னிரண்டு என்று போட்டிருந்தது. நாற்பது மீனிலும் ஒன்றுகூட மாறவில்லை. அது இருபது தடவை படித்த பக்கம், கணக்கு முழுக்க அதிலேயே இருந்தது. படித்தவன் நான், பார்த்தவன் நீ.

"உயிரோட இருக்கையில என்ன நிறம்?" என்று கேட்டாய். முதுகு பாசி நிறம், வயிறு வெள்ளி, செவுள் மூடி மட்டும் இன்னதென்று சொல்லத் தெரியாத ஒரு சிவப்பு என்றேன். உன் நூல் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாய். ஒன்றில் நான் தலையாட்டினேன். "இது வெங்காயத்தோல் கலரு வே" என்றாய். அந்த வார்த்தை ஆங்கிலமாகி இன்றும் அச்சில் இருக்கிறது.

அப்போது நான் சொன்னேன். நீ கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். "இந்த மீனுக்கு உன் பேரைத்தான் வைக்கப்போறேன்." நீ நம்பவில்லை. "தறிக்காரன் பேரையா?" என்றாய். யார் பெயரையும் வைக்கலாம், தன் பெயரை மட்டும்தான் வைத்துக்கொள்ளக் கூடாது, அது அந்தத் தொழிலின் மரியாதை என்று விளக்கினேன். உன் பெயருக்கு ஒரு லத்தீன் வாலை ஒட்டி எழுதிக் காட்டினேன். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய். தபசுக் காட்சி அன்றைக்கு அந்தக் கூட்டத்தில், தெரிந்தவன் ஒருவன் விடாமல் அதை நீ விரித்துக் காட்டியதை நான் பார்த்தேன்.

திரும்பிப் போய்க் கட்டுரையை எழுதினேன். பெயர் எழுத வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தேன். ஏன் விட்டேன் என்று அப்போது என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. அந்த மாதம்தான் எங்கள் ஒப்பந்தங்களைப் புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்று பேச்சு அடிபட்டது. முடிவு செய்கிறவர் அந்த வட்டாரத்துக் கல்வி அதிகாரி. அவருக்குத் தூண்டில் போடுவதில் ஆசை உண்டு. எனக்கு இரண்டு தங்கைகள் கல்யாணத்துக்கு நின்றார்கள் என்று சொல்லலாம், நிஜமும் அதுதான். ஆனால் காரணம் அது மட்டுமில்லை. கல்வி அதிகாரி பெயரைத் தாங்கிய மீன் என்றால் மற்ற வாத்தியார்கள் என்னை மதிப்பாகப் பார்ப்பார்கள் என்ற அற்பப் புத்தியும் இருந்தது. அவர் பெயரை எழுதினேன். "செதில்கள் ஆசிரியரால் எண்ணப்பட்டன" என்றும் எழுதினேன். நன்றி சொல்லும் இரண்டு வரியில்கூட நீ இல்லை. உன்னை அங்கே போட்டால் நான் எண்ணவில்லை என்று தெரிந்துவிடுமே.

அந்தத் தடவை எல்லோருடைய ஒப்பந்தத்தையும் புதுப்பித்தார்கள். மீனைப் பார்த்தே இராதவர்களுக்கும் கிடைத்தது. யாரும் கேட்காத லஞ்சத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான் ஒருவன்தான்.

உனக்கு எழுதினேன்: "நம் ஊர்ப் பெயரெல்லாம் லத்தீனுக்கு ஒட்டாதாம். விதி இடம் கொடுக்கவில்லை. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்." மூன்று வாக்கியம், மூன்றும் பொய். பதிலில் நீ, "அதுக்கென்ன, மீனு புதுசுன்னு ஆயிட்டுல்லா, அது போதும். உடம்பைப் பாத்துக்கோ" என்று எழுதியிருந்தாய். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது அதிகம் கூசுகிறது.

அடுத்த லீவில் வந்தபோது பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, உங்க கூட்டாளி பேரை வைக்கதுக்கு வெள்ளைக்காரன்கூட எம்புட்டு மல்லுக்கட்டுனியளாம்! வேலையே போனாலும் சரின்னு நின்னியளாமே!" பெஞ்சில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஊர் உன்னைக் கேலி செய்திருக்கிறது, மீன் எங்கே பேர் எங்கே என்று. உன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காக இல்லை, என்னைக் காப்பாற்றுவதற்காக நீ அந்தச் சண்டையைச் சொல்லியிருக்கிறாய். என் மூன்று வாக்கியங்களை முழுசாக நம்பி, அதில் இல்லாததையும் அன்பினால் சேர்த்துக்கொண்டாய். காசு வாங்க மாட்டேன் என்று கடைக்காரர் இன்னொரு டீ கொடுத்தார். நான் குடித்தேன்.

அன்று சாயங்காலம் உன் வீட்டில் உன் மகள், கல்லூரியில் விலங்கியல் சேர்ந்திருந்தவள், என் முன்னால் வந்து நின்றாள். "மாமா, எங்க புஸ்தகத்துல நம்ம நாட்டுக்காரங்க பேரு வச்ச மீனு, தவளை எல்லாம் இருக்கே. அப்பா பேரு மட்டும் ஏன் ஆவாது?"

நான் சட்டைப் பையில் எதையோ தேடினேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். ரொம்ப நேரம் இல்லை, ஒரு செதிலை எண்ணுகிற நேரம்தான். பிறகு மகள் பக்கம் திரும்பிச் சொன்னாய்: "ஏட்டி, அது இந்தியா மீனு. ஆப்பிரிக்கா மீனுக்குச் சட்டம் வேற. மாமாவுக்குக் காப்பி கொண்டா, போ."

அந்த நிமிஷத்தில் உனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் அது தெரிந்தது. அதற்குப் பிறகு நீ அந்த மீனைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை, மற்றப் பேச்சில் ஒரு வார்த்தையும் குறைக்கவுமில்லை. ஊருக்கே திரும்பி வந்துவிட்ட பிறகு வாரம் இரண்டு தடவை உன்னைப் பார்த்தேன். உன் நெஞ்சு நோவுக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தேன். படுக்கையில் நீ என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பாய். நான் மழையைப் பற்றியும் நூல் விலையைப் பற்றியும் பேசினேன்.

பெட்டியைத் திறந்த மறுநாள் உன் மகள் வீட்டுக்குப் போனேன். இப்போது அவள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். உட்காரக்கூட இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் மாமா. அப்பாவும் எங்கிட்ட சொன்னாவ. 'அவனா ஒருநாள் சொல்லுவாம்ட்டி, நாம கேட்டு அவன் மூஞ்சிய தொங்கப்போட வைக்கப்படாது'ன்னாவ." பிறகு கேட்டாள்: "இப்ப மாத்த முடியுமா?"

முடியாது என்றேன். இது மெய்யான விதி. ஒரு தடவை அச்சாகிவிட்டால், வைத்தவனே அழுது புரண்டாலும் பெயரை மாற்ற முடியாது. விதி இடம் கொடுக்கவில்லை என்று அன்றைக்கு எழுதினேனே, இன்றைக்கு அது நிஜமாகிவிட்டது.

"அப்ப ஊருக்காவது சொல்லுங்க" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

நேராக டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில் நாலைந்து பேர் இருந்தார்கள். சத்தமாகவே சொன்னேன். சண்டையும் இல்லை, விதியும் இல்லை, அதிகாரிக்குப் பயந்து என் கூட்டாளி பெயரை நான்தான் வைக்காமல் விட்டேன், எண்ணியது முழுக்க அவன் என்றேன். கடைக்காரர் டீ ஆற்றுகிற கையை நிறுத்தவில்லை.

"சும்மா இருங்க அண்ணாச்சி. கூட்டாளி போன துக்கத்துல எதையாவது பேசாதிய. சண்டை போட்டியன்னு அவுக வாயால எங்கிட்ட சொன்னாவ. அவுக பொய் சொல்லுத ஆளா?"

பெஞ்சில் இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். ஒருவர் என் முதுகைத் தடவிக்கொடுத்தார். என் வாக்கு ஒரு பக்கம், உன் வாக்கு ஒரு பக்கம் என்று வந்தால் ஊர் எதை எடுக்கும் என்று உனக்குத் தெரியாதா என்ன? நண்பனுக்காக வேலையைப் பணயம் வைத்தவன் என்ற பெயரோடு இந்தத் தெருவில் நடந்துகொண்டிருக்கிறேன். அதை எனக்கு வைத்தவன் நீ. வைத்தவன் இல்லாததால், இனி அதையும் மாற்ற முடியாது.