மேல் டிவிஷனில் இரண்டு பெருமாள்

தம்பி,

இன்று ரத்தோட்டைத் தபாலகத்தில் வழக்கம்போல கைநாட்டுக்கு மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார்கள். நான் பேனா கேட்டேன். பெருமாள் என்று நானே எழுதினேன். எழுபது வயதுக்குப் பிறகு வந்த எழுத்து; கடைசிப் புள்ளியை வைத்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு கவுண்டரில் இருந்த பெண் என் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டித் தேடினாள். அந்தச் சத்தத்தில் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

யுத்தத்தின் கடைசி வருடங்கள் அவை. நீங்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கம்ப்யூட்டர் கிளாக்கர். நான் அங்கே தேத்தண்ணி ஊற்றுகிறவன். ஃபெக்டரி, டிஸ்பென்சரி, டவுன் ஆபீஸ், எங்கிருந்து தேடினாலும் ஆள் கிடைக்கும்படி எல்லார் பெயரையும் கம்ப்யூட்டரில் அடுக்கினீர்கள். மேலே கம்பனி, அதற்குக் கீழே தோட்டம், அதற்குக் கீழே டிவிஷன், அதற்குள் ஆள். ஒரு டிவிஷனுக்குள் ஒரே பெயரில் இரண்டு பேரை அது ஏற்காது.

"மேல் டிவிஷன்ல ரெண்டு பெருமாள் இருக்கு. ஒங்க ஆளுகளுக்குப் பேருக்கு என்ன பஞ்சமாண்ணே?"

"சாமி ஒண்ணுதானே தம்பி. நாங்க என்ன செய்ய?"

முதலில் பதிந்த என்னை அப்படியே விட்டு, மற்றவனைப் பெருமாள் 2 ஆக்கினீர்கள். பழைய செக்ரோல் பேரேட்டைப் பார்த்துப் பதிந்தது அது. நான் ஆபீசுக்கு மாறி மூன்று வருடமாகியும் கம்ப்யூட்டருக்குள் மேல் டிவிஷனிலேயே இருந்தேன். "பொறகு மாத்திடுறேன்" என்றீர்கள்.

ஒரு காலையில் துப்பாக்கிகளோடு ஆமிக்காரர்கள் வந்தார்கள். மேல் டிவிஷன் பெருமாள் யாருக்கோ ஒளிய இடம் கொடுத்தானாம். அதிகாரி திரையில் என் பெயர்மேல் விரலை வைத்தான். நான் கோப்பைத் தட்டோடு அங்கேதான் நின்றேன்.

நீங்கள் எழுந்து சிங்களத்தில் பேசினீர்கள். "சேர், இது என்னோட பிழை. இவர் இங்க தேத்தண்ணி ஊத்துறவர். மேல வேலை செஞ்சு மூணு வருஷம்." அவர்கள் கண்முன்னே என்னை ஆபீசுக்குக் கீழே மாற்றினீர்கள். இரண்டு முறை தவறாகத் தட்டி அழித்தீர்கள்.

நான் விலகியதும் மேல் டிவிஷனில் ஒரே ஒரு பெருமாள்தான் மிஞ்சினான். அவர்கள் அவனைத் தேடி மலையேறிப் போனார்கள்.

"அண்ணே, நான் பொய் சொல்லலையே?"

"இல்ல தம்பி."

அதற்குமேல் நாம் அதைப் பேசவே இல்லை. அவர்கள் பிடித்துப்போன அந்தப் பெருமாள் நாற்பது நாள் கழித்துத் திரும்பி வந்தான். இடது காது கேட்கவில்லை. அவனும் ஒன்றும் செய்தவனில்லை.

போன தை மாதம் உங்கள் பாடையின் முன்பக்கத்தை அவன்தான் தூக்கினான். "நல்ல மனுசன்" என்றான் என்னிடம். அவனுடைய கேட்கிற காதின் பக்கம்தான் நான் நடந்தேன். சுடுகாடுவரை நடந்தேன். அன்றைக்கு ஆபீசில் நடந்ததைச் சொல்ல வாய் வரவில்லை, தம்பி. இன்னும் வரவில்லை.