நாலாம் நம்பர் செல்வி

12.8, செவ்வாய்
காலையிலிருந்து வானம் மூடிக்கொண்டே இருக்கிறது. மழை இல்லை. துணி காயவில்லை. நெத்திலி அரைக் கிலோ, ஆய ஒரு மணி நேரம். இடது முழங்கால் வலி.

பேத்தி திவ்யா இன்று வீட்டில். போனில் பாடம் படிப்பதைப் பற்றி நாலு வருடமாக ஆராய்ச்சி செய்கிறாள். அவளைப் போல ஆராய்ச்சி செய்கிறவர்களுக்காக இணையத்தில் ஒரு பக்கம் போட்டிருக்கிறாள். இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் புத்தகங்கள், கட்டுரைகள். படித்ததை அடுக்கி வைக்க ஒரு கருவி, பேச்சை எழுத்தாக்க ஒன்று, எழுத்தை வாசித்துக் காட்ட ஒன்று. நல்ல காரியம்தான். என்னை மூணாம் வகுப்போடு நிறுத்திய அண்ணன் செத்து ஒன்பது வருடம். காரியத்துக்கு நான் போகவில்லை.

வாசிக்கிற கருவி சரியாக இருக்கிறதா கேட்டுச் சொல் என்று போனைச் சமையல் மேடையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். மூச்சே விடாத ஒரு பொம்பளைக் குரல். முதலில் புத்தகப் பேர்கள். அப்புறம் "பங்கேற்பாளர் நான்கு" என்றது. நாலாம் நம்பர்க்காரியின் புருஷன் பத்தாவது படித்ததாகச் சொல்லிக்கொள்கிறானாம். டீக்கடையில் பேப்பரை விரித்துப் பிடிப்பானாம், படம் மட்டும் பார்ப்பானாம். அவனுக்குப் படிக்கத் தெரியாது, இப்போது எனக்குப் படிக்கத் தெரியும், அவனிடம் இன்னும் சொல்லவில்லை என்கிறாளாம்.

மீனை அப்படியே வைத்துவிட்டேன். செல்வி சொன்னது அது. என் எதிரில் உட்கார்ந்து.

போன வருடம் நொச்சிக்குப்பத்தில் சாயங்கால வகுப்பு. போனிலேயே எழுத்துப் படிக்க. பதினோரு பெண்களைக் கூட்டி வந்தது நான், நானும் கூட உட்கார்ந்தேன். முப்பது வருடம் பக்கத்தில் கூடை வைத்து மீன் விற்ற பழக்கம், அதனால் வந்தார்கள். கடைசியில் ஒவ்வொருத்தியையும் பேச வைத்து திவ்யா பதிவு செய்தாள். வெளியே போகாதே பெரிம்மா என்று செல்வி கேட்டாள். போகாது என்றேன். நான்தான் சொன்னேன்.

அதே நாள், சாயங்காலம்
திவ்யாவிடம் கேட்டேன். மற்ற ஆராய்ச்சிக்காரர்களுக்கு உதவும் என்று பேட்டி எல்லாவற்றையும் அந்தப் பக்கத்திலேயே சேர்த்தாளாம். அவள் ஆராய்ச்சியை மேற்பார்க்கிற சார் சொன்னாராம். எல்லாரும் சம்மதக் கையெழுத்துப் போட்டார்கள் என்றாள். போடாமல் என்ன செய்வார்கள். கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்த மறு வாரம் அந்தக் காகிதத்தை நீட்டினாள். பேனா கிடைத்த சந்தோஷத்தில் எதை நீட்டினாலும் போட்டிருப்பார்கள். கஸ்தூரி இரண்டு இடத்தில் போட்டாள்.

"பேரே இல்லியே ஆயா. வெறும் நம்பர்தானே?"

"பேர எடுத்துட்டா ஆளு பூடுமா? ஒண்ணு கஸ்தூரி. ரெண்டு மேரி. மூணு அந்த கட்டுமரக்காரன் பொஞ்சாதி. சொல்லிக்கினே போவவா?"

பதினொன்றும் சொன்னேன். யார் எந்தப் புடவையில் வந்தாள் என்பது வரைக்கும். அவள் முகம் வெளுத்துவிட்டது. ஊருக்குத் தெரியாமல் இருந்தால் போதும் என்று நினைத்திருக்கிறாள். குப்பத்துக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

13.8, புதன்
பல்லி விழுந்து பால் போயிற்று.
சாரைக் கேட்காமல் பேட்டிகளை அந்தப் பக்கத்திலிருந்து எடுக்க முடியாதாம். அவர் வெளியூரில் கூட்டத்தில். ஒரு தடவை இங்கே வந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டும் உட்காரவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அந்த டம்ளரை நான் தனியாக வைத்திருக்கிறேன்.

16.8, சனி
குப்பத்துக்குப் போனேன். செல்வியிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான். வவ்வால் மீன் வாங்கினேன், செல்வி ஒன்று கூடுதலாகப் போட்டாள். ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் சீட்டைப் பார்த்து எந்த மாத்திரை எந்த வேளை என்று தானே படித்தாளாம், நர்ஸ் மெச்சினாளாம். சிரித்துக்கொண்டே சொன்னாள்.
நான் சொல்லவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

18.8, திங்கள்
பேட்டிகளைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். புத்தகப் பட்டியல், கருவிகள் மட்டும் இருக்கின்றன. மூன்று வாரம் கிடந்திருக்கிறது. யார் யார் இறக்கி வைத்திருக்கிறார்கள் என்று தெரியாதாம்.

மதியம் கஸ்தூரி வந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவள் மகள் டீச்சர் டிரெய்னிங் படிக்கிறாள். அங்கே யாரோ பயனுள்ள பக்கம் என்று திவ்யா பக்கத்தை அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பெண் போன வாரமே வீட்டில் சத்தமாகப் போட்டிருக்கிறாள். ரெண்டாவது வரியிலேயே எல்லாருக்கும் ஆள் தெரிந்துவிட்டது. நேற்று டீக்கடையில் யாரோ பேப்பரைச் செல்வி புருஷன் கையில் கொடுத்து, "படிச்சி காட்டு நைனா, இன்னா போட்டுகீது" என்றானாம். மற்றவர்கள் சிரித்தார்களாம். அவன் டீயை வைத்துவிட்டு எழுந்து போனானாம்.

திவ்யா கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறாள்.

19.8, செவ்வாய்
செல்வி வீட்டுக்குப் போனேன். புழுக்கம். வாசலில் கூடை கழுவிக்கொண்டிருந்தாள். அடிபட்ட மாதிரி தெரியவில்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன். அவளுக்கும் புரிந்தது.

"அடிக்கல பெரிம்மா. அடிச்சிருந்தா தேவல. எத்தையாச்சும் எடுத்தாந்து முன்னாடி போட்டு படின்றாரு. கரண்டு பில்லு, சோப்பு கவரு, மாத்திர டப்பா. புள்ளைங்கள உக்கார வெச்சி படின்றாரு. ஒண்ணு முட்ச்சா இன்னொண்ணு எடுத்தாறாரு."

எவ்வளவு நேரம் என்று கேட்டேன். அவருக்குத் தூக்கம் வரும் வரைக்கும் என்றாள்.

என் மேல்தான் தப்பு என்றேன். ஆமாம் பெரிம்மா என்றாள். கூடையைக் கவிழ்த்து வைத்தாள். உட்காரச் சொல்லவில்லை. உள்ளேயிருந்து அவன் கூப்பிட்டான், போய்விட்டாள்.

20.8, புதன்
தூறல். முழங்கால் மோசம்.
திவ்யா நேரில் போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்கிறாள். போகாதே என்றேன். போனால் அவன் உன்னையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுவான், அதையும் ஆராய்ச்சியில் எழுதுவாய் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அழுதாள். நாலாம் நம்பரைத் தன் ஆராய்ச்சிப் புத்தகத்திலிருந்தே எடுத்துவிடுகிறாளாம். அஞ்சாம் நம்பரையும் எடு, அது நான் என்றேன்.

21.8, வியாழன்
ரசம், அப்பளம். மீன் வாங்கவில்லை.
பதினோரு மணிக்குப் போனில் செய்தி வந்தது. எனக்குச் செய்தி அனுப்புகிறவர்கள் யாரும் கிடையாது, கேஸ்காரன்தான். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு போனின் சின்ன எழுத்தைக் கூட்டிப் படித்தேன்.

"பெரிம்மா நீங்க இனிமே எங்க வீட்டுக்கு வர வேண்டாம். மத்தவங்களையும் அனுப்ப வேண்டாம்."

ஒரு எழுத்துத் தப்பில்லை. கீழே செல்வி என்று பேர் போட்டிருக்கிறாள்.