மாடுகள் இறங்குவதற்குள்

1984 ஜூலை 4, புதன்

இன்று வியன்னாவிலிருந்து வந்த எட்டுப் பேரைக் கணவாய் வரை நடத்திக் கூட்டிப் போனேன். வழியில் பாறைகளில் பாதை காட்டச் சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று கோடு போடுவது யார் என்று ஒரு அம்மாள் கேட்டாள். இந்த நாஸ்தான் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இந்த டிரோல் மலைநாட்டில் உள்ள கோடு முழுக்க என் கைதான் என்று வாயில் வந்துவிட்டது. எங்கள் பள்ளத்தாக்கில் மட்டும்தான். அதிலும் மேற்குப் பக்கம். ஆனால் மேற்குப் பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு மற்றது எதற்கு?

கணவாய்க் குடிலில் கஸ்ஸியான் வெண்ணெய் இறக்கிக்கொண்டிருந்தான். என் தங்கை மகள் மேனாவின் புருஷன். கோடை முழுக்க இரண்டு பேரும் மேலே மேய்ச்சல் வீட்டில்தான், மாடுகளோடு. நான் கரடியை வெறும் தடியால் விரட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மாமா, போன வருசம் அந்தக் கரடி கன்னுக்குட்டி அளவுதான இருந்துச்சு?" என்றான் எல்லார் முன்னாலும்.

"தின்னு வளந்திருக்கும்டா."

வியன்னாக்காரர்கள் சிரித்த சிரிப்பில் குடில் ஆடியது. கிளம்பும்போது அவர்கள் குடில் நோட்டில் வழக்கம்போலப் பெயர், அடுத்து எங்கே போகிறோம் என்று எழுதினார்கள். அந்த அம்மாள் பேனாவைக் கஸ்ஸியானிடம் நீட்டினாள்.

"நான் எங்க போறேன்னு எங்க மாட்டுக்கே தெரியும்மா," என்றான்.

எங்களில் யாரும் எழுத மாட்டோம். எழுதுகிறவன் வெளியூர்க்காரன். கோடு பார்த்து நடக்கிறவனும் வெளியூர்க்காரன். கோடு போடுகிற நானே கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. என் கண்ணைக் கட்டிவிட்டால்கூட இத்தாலி வரை போய் வருவேன்.

ஜூலை 12, வியாழன்

ஒரு கிடாரி காணவில்லை என்று கஸ்ஸியான் விடிவதற்கு முன்பே தேடக் கிளம்பினானாம். மேனா பால் கறந்துகொண்டிருந்தாளாம். "வந்துர்றேன்" என்ற சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது. எந்தப் பக்கம் போனான் என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை. மத்தியானத்திலிருந்து மூடுபனி. இன்னும் வரவில்லை.

எங்காவது பாறை இடுக்கில் உட்கார்ந்து புகை பிடித்துக்கொண்டிருப்பான். நானே ஒரு தடவை மூன்று நாள் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். சரி, ஒரு நாள்.

ஜூலை 13

கிடாரி தானாக வந்துவிட்டது.

ஜூலை 17, செவ்வாய்

ஹெலிகாப்டர் வந்தது, நாய்கள் வந்தன, நாலு ஊர் ஆட்கள் வந்தார்கள். கேட்ட முதல் கேள்வியே எந்த வழியில் போனான் என்பதுதான். யாரிடமும் சொல்லவில்லை. குடில் நோட்டில் இல்லை. ஒவ்வொருவனும் ஒவ்வொரு திசையைக் கைகாட்டினான். கோடு போட்ட பாதைகளில்தான் முதலில் தேடினார்கள். வேட்டைக்காரன் வழி இருக்கிறது, ஆட்டு வழி இருக்கிறது, சுற்றிக்கொண்டு போகிற இன்னும் பத்து வழி இருக்கிறது என்று நான்தான் தொண்டை வறளக் கத்தினேன். வரைபடத்தில் காட்டுங்கள் என்றார் மீட்புக் குழுத் தலைவர். படத்தில் அந்த வழி எதுவும் இல்லை. நாலாம் வகுப்பு படித்தவனுக்குப் படம் வரையவும் வரவில்லை.

என்னையே முன்னால் விட்டார்கள். வேட்டைக்காரன் வழி முழுக்க நடத்திக் காட்டினேன். அந்த ஆழமான பள்ளத்தில் போன குளிர்காலத்துப் பனி இன்னும் கெட்டியாகக் கிடந்தது. மேலேயே நடந்து தாண்டினோம். ஒன்றுமில்லை.

ஜூலை 29, ஞாயிறு

தேடுவதை நிறுத்திவிட்டார்கள். இனி ஞாயிறுதோறும் நான் போவேன். எனக்கு எவன் உத்தரவும் வேண்டாம்.

இன்றைக்கும் ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது மேனா வாசலிலேயே நின்றாள். ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது.

"என்ன பாத்தீங்க மாமா?"

வைக்கோல் கொட்டகை ஒன்றில் யாரோ படுத்து எழுந்த தடம் இருந்தது என்றேன். புதுசா என்றாள். புதுசுதான் என்றேன். அதன்பிறகு ஒரு கிண்ணம் பார்லிக் கஞ்சி குடித்தாள். இரண்டாவது கிண்ணமும் குடித்தாள்.

கொட்டகையில் தடம் இருந்தது உண்மை. மாடு படுத்த தடம். ஒரு கிண்ணம் கஞ்சிக்கு முன்னால் மாடாவது, மனுசனாவது.

ஆகஸ்ட் 5

இன்று அணைந்த நெருப்பு பார்த்தேன். அவளிடம் அப்படித்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 15, மாதா திருநாள்

கோயிலில் மூலிகைக் கட்டு மந்திரிக்கும் பூசை. கஸ்ஸியானின் அம்மா ஸென்ஸி கறுப்புடுத்தி வந்தாள். மேனா பச்சைப் பாவாடையில் வந்தாள். கோயில் முற்றத்தில் ஊரே பார்த்துக்கொண்டு நின்றது.

"எம்மவன் செத்துட்டான்டி. உனக்கு மட்டும் இன்னும் பச்சையா?"

"நீங்க பாத்தீங்களா அத்தை, அவரு செத்ததை? மாமா நெருப்பு பாத்திருக்காரு."

ஸென்ஸி என் பக்கம் திரும்பினாள். "சம்பந்தி, நீங்க கரடியையும்தான் பாத்தீங்க."

கையிலிருந்த மூலிகைக் கட்டை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

கறுப்பை உடுத்தியவளுக்கும் அழ ஒரு குழி இல்லை. பச்சையை உடுத்தியவளுக்கும் பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லை. நடுவில் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்?

செப்டம்பர் 2, ஞாயிறு

மேய்ச்சல் முடிந்து மலையிலிருந்து மாடு இறக்கும் நாள் இருபத்திரண்டு என்று முடிவாகிவிட்டது. இப்போது புதுப் பிரச்சினை, இதுவரை யாருக்கும் வராத பிரச்சினை.

கோடையில் வீட்டில் சாவு விழாமல் இருந்தால்தான் மாடுகளுக்குப் பூமுடி கட்டி, பெரிய மணி போட்டு இறக்குவோம். சாவு விழுந்த வீட்டு மாடு மொட்டைத் தலையோடு இறங்கும். இது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் காணாமல் போனவன் வீட்டு மாடு?

வெண்டலின் பக்கத்து மேய்ச்சல்காரன். அவன் மாடுகள் எப்போதும் எங்கள் மாடுகளுக்குப் பின்னாலேயே இறங்கும். அவன்தான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். "கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காத மேனா. இந்த வருசம் முடி கட்றியா, இல்லையா?"

"கட்டறேன்."

"ஸென்ஸியம்மா கூடாதுங்குது."

"மொட்டையா எறக்குனா நானே என் வாயால அவரைப் பொதைச்ச மாதிரி. கட்டறேன்னு சொல்லிட்டேன்ல?"

ஸென்ஸியிடம் போய்ச் சொன்னேன். "அப்ப நான் தெருவுல நிக்க மாட்டேன்," என்றாள். "எம்மவன் எங்கயோ கெடக்க, மாடு பூ வச்சுக்கிட்டு வர்றத நான் பாக்கணுமா?"

இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். இருபத்திரண்டாம் தேதிக்குள் அவன் வந்தாக வேண்டும். நடந்தோ, தூக்கியோ. வேறு எதுவும் இதைத் தீர்க்காது. அதற்குள் புதுப் பனி விழுந்தால் அடுத்த கோடை வரை மலை வாயைத் திறக்காது.

செப்டம்பர் 9, ஞாயிறு

கிழக்கு முகடு வரை போய் வந்தேன். இருபது வயசுக்காரன் போயிருந்தால் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள். நான் விசிலடித்துக்கொண்டு வந்தேன். (இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். மூன்று.)

அங்கே ஒன்றுமில்லை. மேனாவிடம் இத்தாலிப் பக்கத்துச் சரிவில் புகை எழுந்தது என்றேன். அந்தப் பக்கம் போயிருப்பாரோ, காலில் அடிபட்டு யார் வீட்டிலாவது இருப்பாரோ என்று அவளே மீதியைச் சேர்த்துக்கொண்டாள். நான் தடுக்கவில்லை.

ஊசியிலைக் கொப்பு வெட்டிவந்து வீடு நிறையப் போட்டிருக்கிறாள். முன்னால் நடக்கிற தலைமாட்டுக்கு ஒரு பெரிய பூமுடி. நடுவில் சிலுவை, சுற்றிலும் சிவப்புக் காகிதப் பூ. தனியாகவே கட்டுகிறாள். உதவிக்கு வரும் பெண்கள் யாரும் வரவில்லை.

செப்டம்பர் 16, ஞாயிறு

எழுத வரல.

வேட்டைக்காரன் வழியில போனேன். ரெண்டு மாசமா அந்தப் பக்கம் போகல, பாத்தாச்சேன்னு விட்டுட்டேன். அந்தப் பள்ளத்துல பனி முக்காவாசி உருகிடுச்சு. ஓரத்துல கொஞ்சம்தான் மிச்சம். அடியில தண்ணி ஓடுது.

அங்க இருந்தான்.

பனி மேல நடந்து தாண்டியிருக்கான், அடியில உருகிப் பொள்ளலா இருந்திருக்கு, உடைஞ்சு உள்ள போயிட்டான். ஓரத்துப் பனி சரிஞ்சு மேல மூடிக்கிச்சு. ஜூலைல நாங்க தேடி வந்தப்ப அவன் அங்கதான் இருந்தான். அவன் மேலயே நடந்து தாண்டினோம். நாய் ஏன் கண்டுபிடிக்கல? தண்ணி ஓட்டமா? இருபது பேர். நான்தான் முன்னால.

என் மேல்கோட்டைக் கழட்டிப் போர்த்தினேன். பக்கத்துல உக்காந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியாது.

எறங்கி வந்தேன். மேனா வாசல்ல, கையில பாதி கட்டின முடி.

"என்ன பாத்தீங்க மாமா?"

"ஒண்ணுமில்ல."

எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சு வச்சுக்கிட்டுத்தான் வந்தேன். ஸென்ஸிகிட்ட மொதல்ல சொல்லணும், பாதிரியாரைக் கூட்டிட்டு வரணும், அதுவரைக்கும் எப்பவும்போல ஏதாவது ஒண்ணு. வாய் வரல.

அவ என்னையே பாத்தா. கோட்டு இல்லாததைப் பாத்தாளா, மூஞ்சியைப் பாத்தாளா.

"ஒண்ணுமேயா?"

தலையாட்டினேன்.

"நெருப்பு, புகை, தடம்... எதுவும் இல்லியா மாமா?"

"இல்லம்மா."

முடியைக் கீழ வச்சா. மெதுவாத்தான் வச்சா. ரெண்டு மாசமா வாரா வாரம் நான் சொன்னதுல ஒண்ணும் உண்மை இல்லைன்னு அவளுக்கு முன்னமே தெரியுமோ? அதையெல்லாம் நம்பினா. இன்னைக்கு ஒண்ணும் சொல்லாததைத்தான் நம்பல.

"எங்க?" ன்னா.

சொன்னேன்.

செப்டம்பர் 19, புதன்

அடக்கம். ஸென்ஸியும் மேனாவும் ஒரே நிறத்தில் நின்றார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள், எந்தக் கை யாருடையது என்று தெரியாத மாதிரி.

கல்லறை மேட்டில் என்னைப் பேசச் சொன்னார்கள். ஊரில் பேச்சுக்காரன் நான்தானே. "நல்ல பையன். மலையை நல்லாத் தெரிஞ்சவன்" என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

செப்டம்பர் 22, சனி

மாடு இறங்கியது.

மேனா முன்னால் நடந்தாள், கறுப்பில். மாடுகளுக்குப் பூ இல்லை, மணி இல்லை. தெருவின் இரு பக்கமும் வெளியூர்க்காரர்கள் கேமராவோடு நின்றார்கள். "பூ வச்ச மாடு எங்க? இதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று ஒருவன் சத்தமாகக் கேட்டான். அவன் பக்கத்தில் நின்ற ரொட்டிக்கடைக்காரர் தொப்பியைக் கழற்றினார். அதைப் பார்த்து அடுத்தவர். அப்படியே தெரு நெடுக. அவனுக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும், கேமராவை இறக்கிவிட்டான்.

குளம்புச் சத்தம் மட்டும்தான். இந்தத் தெருவில் மாடு இறங்கும்போது குளம்புச் சத்தத்தை இதுவரை நான் கேட்டதே இல்லை, மணி அடித்துக்கொண்டே இருக்குமே.

பின்னால் வெண்டலின் மாடுகள் வரவேண்டும். இந்தக் கோடை அவன் வீட்டில் ஒரு கோழிகூடச் சாகவில்லை. பதினெட்டு முடி, அவன் பெண்டாட்டியும் மகள்களும் ஒரு வாரம் உட்கார்ந்து கட்டியது. பாலத்துக்கு மேல் வளைவில் மாடுகளை நிறுத்தி, ஒவ்வொன்றாக அவிழ்த்து வேலிமேல் மாட்டிவிட்டு, மணி நாக்கில் வைக்கோலைச் சுற்றிக்கொண்டு வந்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை.

"என்னய்யா இது?" என்றேன்.

"வெயிலு, நாஸ். மாட்டுக்குத் தலை வலிக்கும்," என்றான். வானம் முழுக்க மேகம்.

ஸென்ஸி தெருவில் நின்றாள். தலைமாடு அவள் பக்கம் வந்தபோது அதன் மொட்டை நெற்றியைத் தடவிக்கொடுத்தாள். பிறகு மாடுகளோடு மாடாக அவளும் நடந்தாள், தொழுவம் வரை.

அக்டோபர் 7

வேட்டைக்காரன் வழி தொடங்குமிடத்தில் இரண்டு மரத்தைக் குறுக்கே போட்டேன். ஊர்ப் பையன்கள் தாண்டித்தான் போவார்கள். போட்டுவிட்டேன்.

நவம்பர் 11, ஞாயிறு

முட்டளவு பனி. ஸென்ஸி மேனா வீட்டுக்கே வந்துவிட்டாள், இரண்டு பேருக்கு எதற்கு இரண்டு அடுப்பு என்று. மத்தியானம் ரொட்டி உருண்டைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். சாப்பிட்டேன், ஜன்னலைப் பார்த்தேன். கல்லறை மேட்டில் பேசினதுக்குப் பிறகு எனக்குக் கதை வருவதில்லை. புதன்கிழமை நான் நடத்திப் போகிற வெளியூர்க்காரர் கூட்டத்திலும் "இது மலை, இது ஏரி" என்று சொல்லிவிட்டு நடக்கிறேன். ஒருத்தர் தூங்கிக்கொண்டே நடந்தார்.

மேனா தட்டுகளை எடுத்துவிட்டுக் கணப்பு ஓரமாக வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, அவரு என்னைப் பொண்ணு கேட்டு வந்த கதையச் சொல்லுங்க."

"எனக்கு என்னம்மா தெரியும்?"

"தெரிஞ்சதயா கேட்டேன்?"

ஸென்ஸி பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சொல்லுங்க சம்பந்தி. ரொம்பத்தான் பிகு பண்றீங்க."

உண்மையில் அவன் பஸ்ஸில் வந்தான். எனக்குத் தெரியும். மேனாவுக்குத் தெரியும், நிறுத்தத்தில் காத்திருந்தவளே அவள்தான். அவனுக்குக் காலருக்குக் கஞ்சி போட்டு பஸ் ஏற்றிவிட்ட ஸென்ஸிக்கும் தெரியும்.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். மார்ச் மாசம், கணவாய் மூடிக் கிடந்தது, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பறவைகூட வராது, அப்படிப்பட்ட நாளில் இடுப்பளவு பனியைக் கிழித்துக்கொண்டு ஒருத்தன் வருகிறான் என்று ஆரம்பித்தேன்.

மேனா குனிந்து கணப்பில் ஒரு கட்டையைத் தள்ளினாள்.

"இடுப்பளவு இல்ல மாமா," என்றாள். "கழுத்தளவு."