பின்சீட்டில் நான்

நேற்று மதுரையில் அந்தத் துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்ததும் அதே எண்ணெய் வாடை. அனுமதியெல்லாம் வாங்கி, உன் ரிவால்வரை விற்க உன் மகளும் நானும் போயிருந்தோம். கடைக்காரர் அதைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "நல்லா வச்சிருந்திருக்காரு. சுட்டதே இல்ல போல" என்றார். நாங்கள் அங்கிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தோம்.

அதே பெஞ்சில்தான் அன்று நீயும் நானும் உட்கார்ந்து பேரம் பேசினோம். நம் கண்மாயில் திருட்டு மண் அள்ளிய லாரி, தடுக்கப் போன காவல்காரர் மேல் ஏறியதை நீ கண்ணால் பார்த்திருந்தாய். கோர்ட்டில் சொல்வேன் என்றாய். மிரட்டல் வந்தது. நாயாய் அலைந்து லைசென்ஸ் வாங்கினாய். கையில் மிளகாய் விற்ற காசு மட்டுமே. புது ரிவால்வரின் விலையைக் கேட்டதும் என் காதில் சொன்னாய்: "இம்புட்டையும் அவனுககிட்டயே குடுத்தா என்னைய விட்ருவானுகளே மாப்ள."

மலிவாக ஒரு பழைய பிஸ்டல் இருந்தது. உன் கை அதற்குத்தான் போனது. கடைக்காரர் தடுத்தார். "இதுல அவசரத்துல தோட்டா சிக்கிக்கிட்டா எடுத்துவிட நேரமிருக்காது. பழசானாலும் ரிவால்வரா எடுங்க. ஒரு தோட்டா வெடிக்கலேன்னா மறுபடி அழுத்துங்க, அடுத்தது வந்துரும்." சந்தையில் மாட்டின் பல்லைப் பார்ப்பவன் மாதிரி நீ ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்து, ஆடாத ஒன்றை எடுத்தாய்.

அதுவரை நீ எங்கே போனாலும் வண்டியின் பின்சீட்டில் நான் இருப்பேன். முன்னால் பார்ப்பது உன் வேலை, பின்னால் பார்ப்பது என் வேலை. ரிவால்வர் வந்த மறுநாளே, "இனி நீ எதுக்குலே பொழப்பக் கெடுத்துக்கிட்டு அலையுற? அதான் இடுப்புல இருக்குல்ல" என்று என்னை இறக்கிவிட்டாய்.

பிறகு தேர்தல் வந்தது. லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். உயிருக்கு ஆபத்து, விலக்குக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தாய். பதிலே இல்லை. மிரட்டியவர்களின் அரிவாளை ஒப்படைக்கச் சொல்லி எந்த உத்தரவும் வரவில்லை.

ஒப்படைத்துவிட்டு நீ வெளியே வந்ததும் நான் வண்டியில் ஏறினேன். "ஓட்டு எண்ணுனதும் குடுத்துருவாக. அதுவரைக்கும் உன்னைய வேற எதுக்கு இழுக்கணும்? புள்ளகுட்டிக்காரன். எறங்குலே" என்றாய். எவ்வளவு சொல்லியும் நீ கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஓட்டு எண்ணுவதற்கு முன்பே உன்னை வெட்டிவிட்டார்கள். மிளகாய்க் களத்திலிருந்து தனியாகத் திரும்பும் வழியில். வெட்டெல்லாம் பின்கழுத்தில். "துப்பாக்கி இருந்திருந்தாலும் எடுத்திருக்க முடியாதுய்யா, பின்னாடியிருந்து வந்திருக்கானுக" என்றார் ஒரு போலீஸ்காரர். ஆறுதலாகச் சொன்னதாக அவருக்கு நினைப்பு. பின்னால் பார்ப்பது யார் வேலை என்று அவருக்கு எப்படித் தெரியும்? உன் சாட்சி இல்லாமல் அந்த வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டு கிடக்கிறது.

நேற்று அதை விற்றுவிட்டுத் திரும்பி, பரமக்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, உன் மகளின் ஸ்கூட்டியில் ஏறினேன். உன்னைப் போலவே ஓட்டுகிறாள், குழி பள்ளம் பார்ப்பதில்லை. ஊர் எல்லை தாண்டியதும் கேட்டாள்.

"என்ன மாமா, திரும்பித் திரும்பிப் பாக்குறீக? யாரும் வாராகளா?"

"யாருமில்லத்தா. நீ முன்னால பாத்து ஓட்டு. பின்னால நான் பாத்துக்கிறேன்."