தற்செயல் சந்திப்புக்கு ஓர் ஏற்பாடு

வியன்னா
பிப்ரவரி 11, 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வைஷுவின் நமஸ்காரம். போனில் தம்பி ராம்கி பெயரை எடுத்தாலே வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் பாதியில் நிறுத்த உங்களுக்கு மனசு வராது என்று தெரியும். அதனால்தான் மெயிலில், அதுவும் தமிழில், தட்டிக்கொண்டிருக்கிறேன்.

வெளியுறவு அமைச்சரோடு பாதுகாப்பு மாநாட்டுக்கு வந்திருக்கிறேன். அவர் எந்த வாசல் வழியாக நுழைவார், எங்கே உட்காருவார், யாரோடு கை குலுக்குவார் என்பதையெல்லாம் முன்கூட்டியே நடந்து பார்த்து வைப்பது என் வேலை. நம்மோடு முறைத்துக்கொண்டிருக்கும் ஒரு நாட்டின் அமைச்சரும் வந்திருக்கிறார். பேச இருவருக்குமே ஆசை. தேடி வந்ததாகக் காட்டிக்கொள்ளத்தான் இருவருக்கும் மனமில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு நாங்கள் தற்செயல் சந்திப்பு ஏற்பாடு செய்வோம். காப்பி மேஜைக்கு இரண்டு பக்கமும் கதவு. இருவரையும் ஒரே சமயத்தில் வெளியே விடுவோம். "அடடே, நீங்களா" என்பார்கள்.

உங்களையும் உங்கள் பிள்ளையையும் நினைத்துக்கொண்டேதான் இதைச் செய்கிறேன். மாதக் கடைசியில் ராம்கியும் எஸ்தரும் ஜெர்மனி போகிறார்கள். தளேகாவ் ஃபாக்டரியிலிருந்து மூன்று வருஷத்துக்கு அனுப்புகிறார்கள். கல்யாணத்திலிருந்து பேசாமல் இருப்பது போதும். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கேம்ப் கடைத்தெருவில் நாம் வழக்கமாகப் போகும் பேக்கரிக்குப் போங்கள். தற்செயலாக அவனும் வருவான்.

அன்புடன்,
வைஜயந்தி

வானவடி, புனே
பிப்ரவரி 12

சிரஞ்சீவி வைஷுவுக்கு ஆசீர்வாதம்.

முழுவதும் படித்தேன், போதுமா? டிவியில் மந்திரிக்குப் பின்னால் நீ ஃபைலும் கையுமாக நிற்பதை எதிர் ஃபிளாட் கர்னல் கூப்பிட்டுக் காட்டினார். "மந்திரிக்கே வழி சொல்கிறாளே உங்கள் பெண்" என்றார் ஹிந்தியில். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் இளைத்திருக்கிறாய். அந்த ஊரில் தயிர் கிடைக்காதா?

மற்றதற்கு வருகிறேன். கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று எனக்குக் கோபம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எஸ்தரிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. பெற்ற அப்பனுக்குக் கல்யாணப் பத்திரிகையைக் கூரியரில் அனுப்பினான் உன் தம்பி. ஒரு மணி நேரத் தூரத்துக்கு, தளேகாவிலிருந்து வானவடிக்குக் கூரியர். தட்டில் வைத்து, "அப்பா, வரணும்" என்று நேரில் அழைக்க அவனுக்கு ரயிலா கிடைக்கவில்லை? மூன்றாம் மனுஷாளைக்கூட வீடு தேடிப் போய் அழைக்கிறோம். அதனால்தான் நான் சர்ச்சுக்குப் போகவில்லை. முதலில் வரவேண்டியவன் அவன்.

ஞாயிற்றுக்கிழமை கேம்பில் எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது. அது வேறு விஷயம்.

இப்படிக்கு,
பாலசுப்ரமணியன்

வியன்னா
பிப்ரவரி 14

அன்புள்ள அப்பாவுக்கு,

எங்கள் சந்திப்பு நடந்துவிட்டது. சும்மா இரண்டு வார்த்தை என்று வந்தவர்கள் காப்பி ஆறிப்போகும்வரை பேசினார்கள். தற்செயலாகச் சந்தித்ததாகப் பேப்பரிலும் வந்துவிட்டது. அமைச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கூரியர் விஷயத்தை ராம்கியிடம் கேட்டேன். நேரில் வந்தால் "வரமாட்டேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவீர்களோ என்று பயந்தானாம். இதை அவன்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். என் வாய் சும்மா இருக்கவில்லை.

யார் முதலில் என்ற பேச்சே வேண்டாம். இருவருக்கும் ஐந்து மணி என்றுதான் சொல்லியிருக்கிறேன். என் ஏற்பாடு இதுவரை தவறியதில்லை.

அன்புடன்,
வைஷு

தளேகாவ்
பிப்ரவரி 17

சிரஞ்சீவி வைஷுவுக்கு ஆசீர்வாதம்.

உன் ஏற்பாடு தவறிவிட்டது. அங்கே உனக்கு இரண்டு கதவு இருந்தது. பேக்கரிக்கு ஒன்றுதான். அவன் உள்ளே போகட்டும் என்று நான் எதிரே மருந்துக் கடை வாசலில் நின்றேன். நான் போகட்டும் என்று அவன் நாலு கடை தள்ளி, பைக்கில் சாய்ந்தபடி நின்றான். ஒருவரை ஒருவர் பார்த்தோம். பார்க்காத மாதிரி போர்டுகளைப் படித்தோம். கடைசியில் பேக்கரிக்காரன் ஷட்டரை இழுத்தான். ராம்கி பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனான்.

மந்திரிகள் விட்டுக்கொடுத்தால் நாடே கேள்வி கேட்கும். என்னைக் கேட்க யார் இருக்கிறார்கள்? உன் அம்மா இருந்திருந்தால் அன்றைக்கே தெருவைத் தாண்டிப் போயிருப்பாள். இன்று காலை லோனாவாலா லோக்கல் ரயிலைப் பிடித்து இங்கே வந்தேன்.

ஊருக்குக் கிளம்ப லீவு போட்டிருந்தான். கூடம் முழுக்க அட்டைப் பெட்டி. என்னைப் பார்த்ததும் திகைத்துப் போய் நின்றான். பிறகு, "வாங்கோப்பா. இந்தப் பக்கம் ஏதாவது வேலையா வந்தேளா?" என்றான். உனக்குத் தம்பியல்லவா. ஆமாம் என்று நான் தலையாட்டியிருந்தால் இருவர் கௌரவமும் பிழைத்திருக்கும்.

"ஒரு வேலையும் இல்லைடா. உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்" என்றேன்.

அதற்கப்புறம் நானும் அவனும் அட்டைப் பெட்டிகளைக் கட்டினோம். எஸ்தர்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

அப்பா