எட்டு நிமிடத்தில் அணைந்த லேப்டாப்

செவ்வாய், இரவு.

இருந்தவர்கள்: நான், மகள் கோமதி, மும்பை தாதரில் லேப்டாப் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கும் கொழுந்தன் சுடலை. வேறு யாருமில்லை.

கோமதி காலேஜுக்கு அனிமேஷன் வேலையை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்று அவள் சொல்லி வாய் மூடுவதற்குள், இந்த மேதாவி பிராசஸரின் வேகத்தை ஒரேயடியாகக் கூட்டிவிட்டான். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும், ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் ஓட்டிச் சூட்டைப் பார்க்க வேண்டும், வோல்டேஜில் கை வைக்கக் கூடாது என்று நான் படித்து எழுதி வைத்திருந்த நோட்டை நீட்டினேன்.

"மைனி, யூடியூப் பாத்துட்டு எனக்கே பாடம் எடுக்கியளா? டென்ஷன் நை லேனேகா" என்று, கவலையே வேண்டாமென்பதை பம்பாய் இந்தியில் சொல்லிச் சிரித்தான். என் திருநீற்றை எடுத்து லேப்டாப்பில் பூசினான். "சாமி பாத்துக்கிடும்."

அதுவும் காற்று போகும் துளை மேலேயே பூசினான். தினமும் விளக்கேற்றுகிறவள் நான். நானே முருகனை நம்பி அடுப்பை எரியவிட்டுக் கோயிலுக்குப் போனதில்லை. இவனுக்கு மட்டும் சாமி தெர்மாமீட்டரோடு காவல் நிற்க வேண்டுமாம்.

எட்டு நிமிடம். தொண்ணூற்றொன்பது டிகிரி. அணைந்துவிட்டது. கோமதி அழுதாள். "சூடு ஆறுனா சரியாயிரும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

துளையை பிரஷால் சுத்தம் செய்தேன். மறுபடி ஆன் செய்து பழைய வேகத்துக்கு மாற்றப் போனால், வேகத்தை மாற்றும் செட்டிங்ஸ் பக்கத்துக்குப் பாஸ்வேர்டு போட்டு வைத்திருக்கிறான். கூப்பிட்டால் போனையும் எடுக்கவில்லை. மெசேஜ் அனுப்பியிருக்கிறேன்: "சுடலை, பாஸ்வேர்டு என்ன? விடியுறதுக்குள்ள சொல்லு."