இடது பக்கத்துக் கதவு

மேரு, கிள்ளான்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள குகன் அண்ணாவுக்கு,

தங்கை தாமரை எழுதுகிறேன். அப்பா, அம்மா, நான் மூவரும் உடம்பளவில் நலமாக இருக்கிறோம். நீயும் பிரிக்பீல்ட்ஸில் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். கைப்பேசி இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். உன் எண்ணுக்கு எதை அனுப்பினாலும் உன் மேனேஜர் ராஜன்தான் "நன்றி தங்கச்சி, ஆதரவு தொடரட்டும்" என்று பதில் போடுகிறார். நான் ரசிகை இல்லை, சொந்தத் தங்கை என்று எழுதினேன். அதற்கும் அதே பதில்தான் வந்தது. உறைமேல் உன் பெயரை எழுதினால் நீயே பிரிப்பாய் அல்லவா?

முதலில் வீட்டுச் செய்தி. அப்பாவின் லோரி ஓடும் நேரத்தைவிட போர்ட் கிள்ளான் துறைமுக வாசலில் வரிசையில் நிற்கும் நேரம்தான் அதிகம். அங்கே உன் செய்வினை வீடியோக்களைப் பார்த்த மற்ற ஓட்டுநர்கள் அவரைக் கண்டதும், "செய்வினை குகனோட அப்பா வந்துட்டாரு, வழி விடுங்க லா" என்று கும்பிடுகிறார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அம்மாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் மறுபடியும் இரவு வேலை. எனக்கு அடுத்த மாதம் தேர்வு. படிக்க உட்கார்ந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் மாரியாயி ஆன்டி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும். இப்போது கேட்பதில்லை. அவர் சமைப்பதே குறைந்துவிட்டது.

அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். போன மாதம் நம் அடுக்குமாடியில் நீ எடுத்த வீடியோ உனக்கு நினைவிருக்கும். நல்லம்மாள் ஆன்டியின் மகனுக்கு இரண்டு முறை கல்யாணம் நிச்சயமாகி நின்றுபோனது. அதற்காக உன்னைக் கூப்பிட்டார்கள். நீ அவர்கள் வாசலில் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை வெட்டினாய். சாறு சிவப்பாக வழிந்தது. கண்ணை மூடி, கையை நீட்டி, "செய்வினை இடது பக்கத்துலேருந்து வந்திருக்கு" என்றாய். ராஜன் கேமராவை இடது பக்கம் திருப்பினார். நீ யார் பெயரையும் சொல்லவில்லை, உண்மைதான். ஆனால் அந்தப் பக்கம் நம் வீட்டை விட்டால் இருப்பது மாரியாயி ஆன்டியின் கதவு மட்டும்தான்.

அன்று நீ கிளம்பும்போது ஏன் இடது பக்கம் என்று கேட்டேன். "அந்தப் பக்கந்தான் வெளிச்சம் நல்லா இருந்துச்சு லா," என்று சொல்லிவிட்டு லிப்டில் ஏறினாய்.

அண்ணா, இப்போது மாரியாயி ஆன்டியிடம் யாரும் வடை வாங்குவதில்லை. ஃபேக்டரி பஸ்ஸுக்காகக் காலையில் கீழே நிற்பவர்கள் அவருடைய நாசி லெமாக் தேங்காய்ச்சோற்றுப் பொட்டலத்தைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. பிள்ளைகள் அவர் கதவைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். விளையாட்டாகத் தொடங்கியது, இப்போது பெரியவர்களும் வேகமாக நடக்கிறார்கள். யாரோ அவர் வாசலில் உப்பைக் கொட்டினார்கள். வீட்டு உரிமையாளர் ரவாங் ஊரிலிருந்து போன் செய்து வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார். அம்மா இதையெல்லாம் நம்பவில்லை என்கிறார். நம்பவில்லையே தவிர, வடையும் வாங்கவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. செம்பருத்தி இதழைக் கத்தியில் தேய்த்துக் காயவைத்து, எலுமிச்சையை வெட்டினால் புளிப்புப் பட்டு அது சிவக்கும். எங்கள் அறிவியல் பாடத்திலேயே இருக்கிறது. அன்று நீ மாரியாயி ஆன்டியின் தொட்டியிலிருந்தே பூவைப் பறித்ததை நான் படிக்கட்டிலிருந்து பார்த்தேன். அதனால் போன சனிக்கிழமை எல்லோரையும் வெளியே கூப்பிட்டு, அதே செடியின் பூவைப் பறித்து, நம் சமையல் கத்தியில் தேய்த்துச் செய்துகாட்டினேன். பழம் நன்றாகச் சிவந்தது. எல்லோரும் சிரித்துவிடுவார்கள், அன்றோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. நல்லம்மாள் ஆன்டி பின்னால் நகர்ந்து, "ஐயோ, இவளுக்கும் வருதே!" என்றார். "அண்ணன் ரத்தம்லா, தங்கச்சிக்கும் ஓடும்" என்றார் மேல்மாடி தம்புசாமி அங்கிள். நான் அமிலம் என்று விளக்கத் தொடங்கினேன். "அமிலம் இருக்கட்டும், பூ யாரு வூட்டுச் செடி? அத மொதல்ல சொல்லு" என்று யாரோ கேட்டார்கள். நான் சொன்னேன். மறுநாள் காலையில் அந்தத் தொட்டி கீழே கார் நிறுத்தும் இடத்தில் சிதறிக் கிடந்தது.

திங்கட்கிழமை பள்ளி வேலியோரத்துச் செம்பருத்தியைக் கொண்டுவந்து, எந்தப் பூவானாலும் சிவக்கும் என்று காட்டலாமென நடைபாதையில் உட்கார்ந்தேன். ஒரு கதவும் திறக்கவில்லை. கடைசியில் மாரியாயி ஆன்டி மட்டும் வந்து எதிரே உட்கார்ந்தார். வெட்டிய பழத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு என்ன கேட்டார் தெரியுமா? "எனக்கே தெரியாம நான் ஏதும் செஞ்சிருப்பேனா மா?" என்றார். நிச்சயதார்த்தத்துக்கு இந்த மாடியில் அவரை மட்டும் நல்லம்மாள் ஆன்டி அழைக்கவில்லையாம். "அன்னிக்கு மாவாட்டிக்கிட்டே வயிறெரிஞ்சேன். அதான் பலிச்சிருச்சு போல" என்று அழுதார்.

நான் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பது இப்போது எனக்குப் புரிகிறது. இதை நீ சொன்னால்தான் நடக்கும். ஒரே ஒரு வீடியோ போதும். பூவைக் காட்டு, கத்தியைக் காட்டு, வெட்டு. சீக்கிரம் போடு அண்ணா. மாத முடிவில் அவர் வீட்டைக் காலி செய்யவேண்டும். அவருக்குப் போக வேறு இடமில்லை.

அன்புத் தங்கை,
தாமரை


மேரு
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அண்ணாவுக்கு,

என் கடிதம் உன் கையில் கிடைத்துவிட்டது என்பது திங்கட்கிழமை அம்மாவுக்கு நீ போன் செய்ததிலிருந்து தெரிந்தது. உன் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் அம்மா அன்று வேலைக்கே தாமதமாகத்தான் போனார். ஞாயிற்றுக்கிழமை நீ வருகிறாய் என்பதுவரை எனக்கும் சந்தோஷம்தான். பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார். ராஜனும் இரண்டு கேமராவும் வருமாம். மாரியாயி ஆன்டிக்கு நீ செய்வினையை நீக்கும் "கழிப்பு" எடுப்பாயாம். அந்த வீடியோவின் இரண்டாம் பாகமாம்.

நான் கேட்டது அது இல்லை அண்ணா.

நீ கெட்டவன் என்று நான் எழுதவில்லை. பிறந்தநாள் விருந்துகளில் நீ மேஜிக் செய்தபோது உன் பெட்டியை நான்தான் தூக்கி வந்தேன். ஒரு சீட்டை உள்ளங்கையில் மறைக்க நீ எத்தனை மாதம் கண்ணாடி முன் நின்றாய் என்று எனக்குத் தெரியும். அந்தச் சீட்டு வித்தை வீடியோவை நம் சொந்தக்காரர்கள்கூடப் பார்க்கவில்லை. "கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டத ஒருத்தனும் பாக்கல, எலுமிச்சம்பழத்த வெட்டினா ஊரே பாக்குது லா" என்று நீ சொன்னபோது உன் முகம் எப்படி இருந்தது என்பதையும் பார்த்தேன். ஆனால் அதற்கு முன்னால், பள்ளி முடித்த வருடம், நீ இன்னொன்றும் சொல்லியிருக்கிறாய். "நான் ஏமாத்துறேன்னு பாக்கறவங்களுக்குத் தெரியும், அதான் மேஜிக். தெரியாம ஏமாத்தினா அதுக்கு வேற பேரு" என்றாய். அந்த வேறு பெயரை நீ அப்போது சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நீ வருவது தெரிந்ததிலிருந்து இங்கே எல்லாம் மாறிவிட்டது. நல்லம்மாள் ஆன்டிதான் மாரியாயி ஆன்டி வீட்டுக்குள்ளேயே போய், "குகன் தம்பி வந்து எடுத்துருவான் அக்கா, நீங்க ஒத்துக்கிட்டாப் போதும்" என்று கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறார். மாரியாயி ஆன்டி ஒத்துக்கொண்டார். மறுநாளே வடை தீர்ந்துவிட்டது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் வாங்கினார்கள். தம்புசாமி அங்கிள்கூட இரண்டு வாங்கி, "தப்பு பண்றது மனுச இயல்பு லா" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். வீட்டு உரிமையாளரும் ஞாயிறு வரை பார்க்கலாம் என்றிருக்கிறார். செய்யாததை ஒத்துக்கொண்ட பிறகுதான் எல்லோரும் அவரிடம் மறுபடி பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அவர் முகத்தில் சிரிப்பு வந்திருக்கிறது. எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா வேலைக்குப் போகும் பையை எடுத்தார். பிறகு, "அந்தப் பொம்பளைக்கு வீடு மிஞ்சுதுல்ல? அண்ணனுக்குப் பொழப்பு மிஞ்சுதுல்ல? நீ படி" என்றார். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இருவருக்கும் உண்மை தெரியும் அண்ணா. தெரிந்துகொண்டேதான் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கிறார்கள்.

நேற்று மாலை மாரியாயி ஆன்டி என்னைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை கட்டுவதற்கு ஒரு புடவையை இஸ்திரி போட்டு வைத்திருந்தார். கேமரா முன்னால் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லையாம். "நீதான் நல்லா எழுதுவியே மா, நல்லம்மாகிட்ட மன்னிப்புக் கேக்குற மாதிரி நாலு வரி எழுதிக் குடு. நான் மனப்பாடம் பண்ணிக்கிறேன்" என்று பேனாவையும் எடுத்துக் கொடுத்தார். நீங்கள் எதுவும் செய்யவில்லை ஆன்டி என்றேன். "இருக்கட்டும் மா. நான் செஞ்சதாவே இருந்துட்டுப் போவட்டும்" என்றார்.

நான் எழுதவில்லை. தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இன்று காலை கதவோரம் நின்று கேட்டேன். அவரே சொந்தமாக ஒன்றைத் தயாரித்துக்கொண்டு, திக்கித் திக்கிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணா, ஞாயிற்றுக்கிழமை எடுக்கும் வீடியோவைத்தான் அதிகம் பேர் பார்ப்பார்கள். ஒரு வயதான பெண் கைகூப்பி அழுவதை யார் பார்க்காமல் விடுவார்கள்? அதன்பிறகு நீ நினைத்தாலும் எதையும் திரும்ப எடுக்க முடியாது. அவரே ஒத்துக்கொண்டார் என்பார்கள்.

உனக்கு எந்தக் குறையும் வரக்கூடாது என்றுதான் நான் தினமும் விளக்கின் முன் நிற்கிறேன். இன்றும் நின்றேன். இந்தக் கடிதத்தை இன்றிரவே உன் கையில் சேர்க்கும் கூரியரில் அனுப்புகிறேன். சனிக்கிழமை காலை முதல் கம்யூட்டர் ரயிலில் ஏறு. ராஜனிடம் சொல்லவேண்டாம், கைப்பேசியும் வேண்டாம். நான் கிள்ளான் ஸ்டேஷனில் நிற்கிறேன். நம் வீட்டுக்குக்கூட முதலில் வரவேண்டாம், அம்மா உன்னைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார். நேராக அவர் கதவைத் தட்டு. அவர் மன்னிப்புக் கேட்பதற்குள் நீ அவரிடம் கேட்டுவிடு, அண்ணா.

உன்னை ஸ்டேஷனில் எதிர்பார்த்து நிற்கும்
தாமரை